பின்னுக்கு உருளாத சில்லுகள்

எண்பதுகளின் நடுவில் சுவிசில், லாங்கன்தால் என்ற ஊரில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. இயந்திரங்களுக்கு உதிரிப்பாகம் கடையும் சிறிய தொழிற்சாலை. முதல் மூன்று மாதம் பரீட்சைக் காலம் என்றார்கள். அதில் தேறினால் வேலை நிலைக்கும், அந்தச் சம்பளத்தை நம்பி எடுத்த அறையும் நிலைக்கும். தேறாவிட்டால் பழையபடி அகதி முகாம், இரட்டைத்தட்டுக் கட்டில், தலைக்கு மேலே வேறொருவரின் குறட்டை. எல்லாம் ஷெஃப்பின் ஒரு சொல்லில் இருந்தது. சுவிசில் மேலே இருப்பவர் எவரும் ஷெஃப்தான், சமைக்கத் தெரியவேண்டியதில்லை.

ஷெஃப் ஐம்பதைத் தாண்டிய நெடிய மனிதர். அதிகம் கதைக்கமாட்டார். கதைத்தால் அது பேர்ண் பக்கத்து ஜெர்மன். நான் படித்ததோ புத்தக ஜெர்மன், அதுவும் முதல் சில பக்கங்கள். அவர் எதைச் சொன்னாலும் நான் தலையை இரண்டு பக்கமும் சாய்ப்பேன். அது ஓம் என்றா இல்லை என்றா என்பதை அவர் தன் வசதிப்படி எடுத்துக்கொள்வார். இந்த ஏற்பாடு நன்றாகவே ஓடியது.

சிக்கல் ஒரு சொல்லில் வந்தது. நாங்கள் எங்கிருந்து புறப்பட்டாலும் “போறன்” என்று சொல்வதில்லை. “வாறன்” என்போம். போறன் என்று சொல்லிப் போகிறவன் திரும்பாமல் போகிறவன். ஆகவே முதல் நாள் வேலை முடிந்ததும் மரியாதையாக ஷெஃப்பிடம் போய், “இஹ் கொம்மே,” என்றேன். வாறன் என்பதற்கு அதுதான் ஜெர்மன். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். நான் திரும்பி வருவேன் என்று அவர் பட்டறையின் விளக்குகளை அணைக்காமல் நெடுநேரம் நின்றிருக்கிறார். அது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. மறுநாளும் சொன்னேன். அதற்கடுத்த நாளும் சொன்னேன். பிறகு அவர் காத்திருப்பதை விட்டுவிட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஷெஃப் வழமைக்கு மாறாக நீளமாகக் கதைத்தார். அதில் “ஸம்ஷ்டிக்” என்ற சொல் மட்டும் பிடிபட்டது. சனிக்கிழமை. மிகுதிக்குத் தலையைச் சாய்த்தேன். மணி அடித்ததும் கைகழுவிவிட்டு, “இஹ் கொம்மே,” என்று சொல்லிப் புறப்பட்டேன். அவர் முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சியை நான் அதுவரை கண்டதில்லை.

மறுநாள் காலை அறைக் கதவு தட்டப்பட்டது. என்னோடு அறையில் இருந்த அண்ணை ஹோட்டல் சமையலறையில் கோப்பை கழுவுகிறவர், சனிக்கிழமை அவருக்கு நித்திரை நாள். திட்டிக்கொண்டே எழுந்துபோய்த் திறந்தார்.

“ஆரோ ஒருத்தர் ரெண்டு ஈட்டியோட நிக்கிறார். உன்னைத்தான் கேக்கிறார்.”

வந்தவர் ஷெஃப். ஈட்டிபோலிருந்த இரண்டு ஊன்றுதடிகளையும் என் கையில் தந்துவிட்டுத் தன் காரின் பின்கதவைத் திறந்தார். உள்ளே சில்லு வைத்த ஸ்கீ இரண்டு சோடி இருந்தன. பனியில் நெடுந்தூரம் ஸ்கீ ஓடுகிறவர்கள், பனி விழும்வரை கால் மறந்துபோகாமல் இருக்கத் தார் வீதியில் இவற்றில் ஓடுவார்களாம். எனக்குப் பனியே முந்திய குளிர்காலத்தில்தான் அறிமுகமாகியிருந்தது. மாட்டேன் என்று சொல்லப் பயமாக இருந்தது. பரீட்சைக் காலத்தில் சனிக்கிழமைகளும் சேர்த்தி என்று நினைத்துக் காரில் ஏறினேன். ஊருக்கு வெளியே ஆளரவமில்லாத ஒரு வீதியில் நிறுத்தினார்.

ஒன்றரை முழ நீள அலுமினியச் சட்டம். முன்னுக்கு ஒரு சில்லு, பின்னுக்கு இரண்டு. சப்பாத்தின் நுனி மட்டும்தான் சட்டத்தில் பூட்டும், குதி எழும்பி எழும்பி விழும். சப்பாத்து அவருடையது, எனக்குப் பெரிது, இரண்டு காலுறை போட்டு நிரப்பினேன். சில்லுகள் முன்னுக்கு மட்டும் உருளும், பின்னுக்கு உருளாது. அதனால்தான் காலை உதைத்து முன்னே போகமுடிகிறது. இதை அவர் சில்லை விரலால் சுழற்றிக் காட்டினார். தடியின் வாரை எப்படிப் பிடிப்பது என்பதையும் காட்டினார்: கையைக் கீழிருந்து நுழைத்து, வாரையும் சேர்த்துப் பற்றவேண்டும். அப்போதுதான் தடியைப் பின்னே தள்ளி முடிக்கையில் விரலைத் தளர்த்தினாலும் அது விழாது. பிரேக்கை மட்டும் அவர் காட்டவில்லை. பிரேக் இருக்கவில்லை.

ஒரு காலை உதைத்தால் மற்றக் காலில் முழுப் பாரத்தையும் கொடுத்து நிற்கவேண்டும். அந்தக் காலை நம்பவேண்டும். நம்பாதவன் இரண்டிலும் பாதி பாதியாக நிற்பான், உருளமாட்டான். நான் இரண்டிலும் நின்றேன். நடக்கும்போது தானாக வருகிற கைகால் ஒழுங்கும் சில்லு பூட்டியதும் மறந்துபோனது. வலக்கையும் வலக்காலும் ஒன்றாகப் போயின. ஷெஃப் பார்த்துக்கொண்டு நின்றார். “ஸோ,” என்றார், அப்படியா என்பதுபோல.

பிறகு ஓர் இறக்கம் வந்தது. யாழ்ப்பாணத்தில் நீங்கள் மிதிக்காமல் சைக்கிள் எங்கும் போகாது. அப்படியொரு தட்டையான ஊரில் வளர்ந்தவனுக்கு, ஒன்றும் செய்யாமலே வேகம் கூடும் என்பது புதுச் செய்தி. நிற்கவேண்டுமென்றால் புல்லுக்குள் இறங்கி ஓடவேண்டும் என்று ஷெஃப் பின்னாலிருந்து கத்தியிருக்கிறார். புல் என்பதற்கு என்ன சொல் என்று நான் படித்த பக்கங்களில் இருக்கவில்லை. வீதி வளைந்தது. நான் வளையவில்லை. ஒரு பண்ணை வீட்டின் சாணிக் குவியல் என்னை நிறுத்தியது.

அந்தப் பக்கத்து விவசாயிகள் சாணிக் குவியலின் ஓரங்களை வைக்கோலால் தலைபின்னுவதுபோலப் பின்னி வைத்திருப்பார்கள். வீட்டுக்காரர் வெளியே வந்து, முதலில் பின்னலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு வணக்கம் சொன்னார். நானும் இடுப்பளவு சாணியில் நின்றபடி வணக்கம் சொன்னேன். திரும்பிப் போகையில் ஷெஃப் காரின் கண்ணாடிகளை முழுக்க இறக்கிவிட்டார்.  வேலை போய்விட்டது என்று எனக்கு நிச்சயமாகப் பட்டது.

ஆனால் அடுத்த வெள்ளியும் நான் “இஹ் கொம்மே” சொன்னேன், அடுத்த சனியும் அவர் வந்து கதவைத் தட்டினார். இலையுதிர்காலம் முழுவதும் இப்படியே போனது. மெல்ல மெல்ல ஒரு காலை நம்பப் பழகினேன். இரண்டு தடியையும் ஒன்றாக ஊன்றி, இடுப்பை மடித்துக் குனிந்து நிமிர்ந்து, கும்பிட்டுக் கும்பிட்டே ஒரு ஏற்றத்தைத் தாண்டிய நாளில் ஷெஃப் “யோ” என்றார். அவர் மொழியில் அது ஓம். எனக்கு அது பிடித்திருந்தது என்பதை அண்ணையிடம் சொல்லவில்லை.

அண்ணை அப்போது ஜெர்மன் வகுப்புக்குப் போகத் தொடங்கியிருந்தார். ஒருநாள் வகுப்பிலிருந்து பெரிய பண்டிதராகத் திரும்பி வந்தார்.

“நீ கொம்மே கொம்மே எண்டு சொல்லித்தானே அந்த மனுசன் உன்னை ஏத்திக்கொண்டு போகுது. வெளிக்கிடேக்க ‘இஹ் கேஹே’ எண்டு சொல்லவேணும். போறன். அதுதான் முறை.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வாரமும் நானாகவே வருகிறேன் என்று சொல்லி அந்த மனிதரின் சனிக்கிழமைகளைத் தின்றிருக்கிறேன். அவர் வாய்திறந்து மறுக்கமுடியாமல் கூட்டிப்போயிருக்கிறார். இப்படி ஒரு தொல்லையை யார் வேலையில் வைத்திருப்பார்?

பரீட்சைக் காலத்தின் கடைசி வெள்ளி வந்தது. ஷெஃப் காலையிலிருந்து வேலையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. மணி அடித்தது. இயந்திரத்தைத் துடைத்தேன், மேலங்கியைக் கொளுவினேன். போகிறதுதான் போகிறோம், சரியான ஜெர்மனிலாவது போவோம் என்று அவர் முன்னால் நின்றேன். அந்தச் சொல் வாயிலிருந்து லேசில் வரவில்லை.

“இஹ் கேஹே,” என்றேன்.

ஷெஃப் கையிலிருந்த துணியை வைத்தார். எங்கே போகிறாய் என்று கேட்டார். முதல்தடவையாகப் புத்தக ஜெர்மனில், ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். வேறு தொழிற்சாலைக்காரர் யாராவது கூப்பிட்டார்களா? கனடாவா? அந்தச் சாணி விசயத்தை இன்னும் மனதில் வைத்திருக்கிறாயா? நான் பதில் தேடுவதற்குள் அவர் மேசைக்கு அடியில் குனிந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே ஸ்கீச் சப்பாத்து, புதியது. அடியில் என் கால் அளவு. பனி விழப்போகிறது, இரண்டு காலுறையோடு இனி ஓடமுடியாது என்றார். திங்கட்கிழமை உன்னைக் காலை வேலைக்குப் போட்டிருக்கிறேனே, யாரைக் கேட்டுப் போகிறாய் என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கப் பெட்டியின் மூடியைக் கவனமாகப் பூட்டினேன்.

“இஹ் கொம்மே,” என்றேன்.

 இந்த மூன்று மாதத்தில் கேட்டிருக்கவேண்டிய கேள்வியை அவர் அன்றைக்குத்தான் கேட்டார்.

“எப்போது?”

“ஸம்ஷ்டிக்,” என்றேன்.