ஆயக்குடிக்கு வரைந்த கொய்யாப்படம்

இன்று 1964 நவம்பர் 7, சனிக்கிழமை.

நிறவெறியைக் கண்டித்து நம் வாசகசாலை நடத்தவிருக்கும் கூட்டத்துக்கு, அந்தந்த ஊருக்கேற்ற சுவரொட்டி வரையும் பொறுப்பு என்னுடையது.

சின்னாளப்பட்டிக்குக் கறுப்பு நூலும் வெள்ளை நூலும் கலந்த சேலை. நெசவாளர்கள் மெச்சினார்கள்.

ஆயக்குடிக்கு இரண்டு கொய்யா: ஒன்று கரும்பச்சை, மற்றது வெளிர்மஞ்சள். "தோல்தான் வேறு" என்று கீழே எழுதியிருந்தேன்.

இன்று காலை அதை ஒட்டியதும் தோப்புக்காரர் ஒருவர் நின்று பார்த்தார்.

"ஏனுங்க, பச்சையா இருக்கறது காயுங்க, மஞ்சளா இருக்கறது பழமுங்க. அப்ப கறுத்தவங்க இன்னும் பழுக்கலைங்கறீங்களா?"

சந்தையே சிரித்தது. பசை காயுமுன் நானே கிழித்துவிட்டேன்.

திண்டுக்கல்லுக்கு வரைந்திருப்பது பிழையற்றது: கறுத்த இரும்புப் பூட்டு, பளபளக்கும் பித்தளைப் பூட்டு, இரண்டையும் திறக்கும் ஒரே சாவி.

தம் பூட்டை வேறெந்தச் சாவியும் திறக்காது என்று பெருமை பேசும் பூட்டுக்காரர்களுக்கும் ஆட்சேபம் இருக்க வழியில்லை. இருந்தால், வாசகசாலைப் பலகையில் ஒட்டியிருக்கும் இந்தக் குறிப்பின் கீழேயே எழுதலாம்.