ரயில் ஆணியும் ஐந்தருவி அன்னாசியும்

இரும்பு அடிக்கிற தொழிலில் இரும்பைக்கூட வளைச்சிரலாம். வாங்க வாறவங்களை வளைக்கத்தான் முடியாது. கடை போட்டு உட்கார்ந்திருக்கிற அன்பர்களே, உங்களுக்கும் இது தெரிஞ்ச கதைதானே!

தென்காசியிலிருந்து குற்றாலம் போற ரோட்டோரம் என் பட்டறை. சவூதியில் தம்மாமில் வெல்டராக இருந்துட்டுத் திரும்பினவன் நான். மீட்டர்கேஜ் பாதையைப் பிரிச்சப்போ ஏலத்தில் போன ஆணிகளைப் பழைய இரும்புக் கடையில் வாங்கிக் கத்தி அடிக்கிறேன். தண்டவாளத்தைச் சிலிப்பர் கட்டையோட இறுக்குமே, கொண்டை வச்ச ஆணி, அதேதான். மேல் பாதி கைப்பிடி, கீழ்ப் பாதியைத் தட்டி நீட்டினா அலகு.

பழைய கம்பெனியிலிருந்து மறுபடியும் விசா வந்து கிடக்கு. "சீசன் முடியுறதுக்குள்ள ஐந்தருவிப் பழக்கடைக்காரங்களுக்கு என் கத்தி பிடிச்சுட்டா இங்கனயே இருக்கேன், இல்லேன்னா விமானம் ஏறிருதேன்"னு என் வீட்டுக்காரி ஜமீலாகிட்டச் சொல்லியிருந்தேன். டூரிஸ்ட் ஒரு தடவை வாங்குவான், போயிருவான். பழக்கடையில்தான் தினமும் கத்திக்கு வேலை. அன்னையிலிருந்து ஜமீலா சாரல் நல்லா விழணும், கூட்டம் வரணும்னு துஆ கேட்டுக்கிட்டே இருந்தா.

மாமனார் நம்பணும்

முதலில் அடிச்ச கத்திகளில் கொண்டையை வெட்டி, தேய்ச்சு, பளபளன்னு வச்சிருந்தேன். வேலைத்தனத்தைக் காட்டுறேனாம்! ஒருத்தரும் தொடலை. அச்சன்புதூர்க்காரர் ஒருத்தர், போலீஸில் இருக்கிறவர், லீவில் வந்தவர், பைக்கை நிறுத்தி போர்டைப் படிச்சார். "ரயில் ஆணிக் கத்தியா? ரயில்வே சாமான்லா இது? எங்கன எடுத்தீரு?"ன்னார்.

பழைய இரும்புக் கடை பில்லை அவசரமா எடுத்து நீட்டினேன். நிதானமாகப் பார்த்தார். அப்புறம் கத்தியைப் பார்த்தார். மூஞ்சி சுருங்கிருச்சு.

"பில்லைப் பார்த்து நான் நம்பிட்டேன் பாய். இது ரயில் ஆணிதான்னு கத்தியைப் பார்த்து, வாங்கிக்கப்போற எங்க மாமனாரு நம்பணும்லா? கொண்டையோட ஒண்ணு அடிச்சுத் தாரும்!"

கையில் கொடுக்கக் கூடாது

மதுரையிலிருந்து புது ஜோடி ஒண்ணு, தலை ஈரம் காயாம வந்து நின்னுச்சு. கொண்டை வச்ச கத்தி ஒண்ணு அந்தப் பொண்ணுக்குப் பிடிச்சுப்போச்சு. நான் எடுத்து நீட்டப் போனேன். உள்ளே இருந்து ஜமீலா போட்டா ஒரு சத்தம்: "ஐயையோ, கையில குடுக்காதீங்க! சண்டை வந்துரும். கீழ வைங்க, அந்தப் பிள்ளையே எடுத்துக்கிடட்டும்."

நானும் பதறிப்போய் மேசையில் வச்சேன். மாப்பிள்ளை பஸ் ஸ்டாண்டு இருக்கிற திசையைப் பார்த்துக்கிட்டு நின்னார். பொண்ணு அவரை ஒரு முறை முறைச்சுட்டுக் கையை நீட்டினா.

"காலையிலிருந்தே சண்டைதான் அண்ணே, சும்மா கையிலேயே குடுங்க!"

கூர் எதுக்கு?

புது வீடு கட்டினவர் ஒருத்தர் வந்து, காத்து கருப்பு அண்டாமல் இருக்க வாசலில் அடிக்க ஆணி மட்டும் போதும்னார். "நுனியையாவது கூராக்கித் தாறேனே"ன்னேன். அவருக்குச் சிரிப்புத் தாங்கலை.

"பேய்க்குக் கூர் எதுக்கு பாய்? ரயிலைக் கண்டா அதுவும் ஒதுங்கிப் போயிரும்லா!"

அன்னாசிப் பரீட்சை

ஐந்தருவியில் பழக்கடை வச்சிருக்கிற செல்வி அக்கா வாய் திறந்தா அந்த வரிசையே கேட்கும். அவங்ககிட்ட ஒரு கத்தியைக் கொடுத்து, விசா விஷயத்தையும் சொல்லி, வெட்டிப் பாருங்கன்னேன். மறுநாளே பட்டறைக்கு வந்து கத்தியை மேசையில் டொக்குனு வச்சாங்க. கூர் சுத்தமாப் போயிருந்துச்சு.

"வெட்டச் சொன்னா, இது அன்னாசியைத் தடவில்லா குடுக்கு!"

ஈரத் தலை

தப்பு செல்வி அக்கா மேல இல்லை. ரயில் ஓடுற அதிர்வில் ஒடியக் கூடாதுன்னு மிருதுவான இரும்பில் செஞ்ச ஆணி அது. எத்தனை தடவை பழுக்கக் காய்ச்சித் தண்ணியில் முக்கினாலும் கூர் நிக்காது. அன்னைக்கு ஜமீலா என் தம்மாம் பெட்டியைப் பரண்லயிருந்து இறக்கித் துடைச்சு வச்சா. அவ திட்டியிருந்தாக்கூடத் தேவலை.

அப்புறம்தான் புத்தி வந்துச்சு. அருவாளுக்கு உருக்கு வைக்கிற மாதிரி இதுக்கும் வைப்போமே! அலகின் ஓரத்தைப் பிளந்து, லாரி ஸ்பிரிங் பட்டையில் ஒரு துண்டைச் செருகி, ரெண்டும் ஒட்டுற சூட்டில் அடிச்சுச் சேர்த்தேன். கொண்டைக்குக் கொண்டை, கூருக்குக் கூர். செல்வி அக்கா நம்பாமலே வாங்கிட்டுப் போனாங்க. அதுக்கப்புறம் சத்தமே இல்லை. அந்த அக்காகிட்டயிருந்து சத்தம் இல்லேன்னா பயம் வராதா?

பொறுக்க முடியாம ஜமீலாவை வண்டியில் ஏத்திக்கிட்டு ஐந்தருவிக்கே போனேன். நல்ல சாரல், எள்ளு போட இடமில்லாத கூட்டம். செல்வி அக்கா சரசரன்னு அன்னாசி வெட்டிக்கிட்டு இருந்தாங்க, என் கத்தியில்! "குடுங்க, கூர் பார்க்கேன்"னு கையை நீட்டினேன். வெடுக்குனு பின்னால் மறைச்சுட்டாங்க.

"தொடாதீங்க! பக்கத்துக் கடைக்காரி இரவல் கேட்டே நான் குடுக்கலை. அவளுக்கு ஒண்ணு, இந்த வரிசைக்கே ஆளுக்கொண்ணு அடிச்சுட்டு வாங்க. நீங்க விமானம் ஏறிட்டா இதுக்கு யாரு சாணை பிடிப்பா?"

எனக்கு அங்கனயே குதிக்கணும் போல இருந்துச்சு. ஜமீலா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைச்சா. துடைச்ச கையோட செல்வி அக்காவைப் பார்த்துச் சிரிச்சா.

"உப்பு மிளகாப்பொடி போட்டு ரெண்டு துண்டு குடுங்கக்கா, இவுக இனிமே எங்கயும் போகல."

ஆக அன்பர்களே, தம்மாமிலேயும் வேர்த்துச்சு, இங்கேயும் வேர்க்குது. இங்கே அதைக் கழுவ அருவி இருக்கு, ஈரத் தலையோட வீட்டுக்குள்ள நுழைஞ்சா சத்தம் போட ஆளும் இருக்கு, வேறென்ன வேணும்?