கிணற்றுக்கு முன்னால் சந்தித்த கோடுகள்

நிலம் அளக்கிறவனை யாரும் சந்தோஷமாக இருக்கும்போது கூப்பிடுவதில்லை. காரைக்குடியில் தனியார் சர்வேயராக இருந்தே ஐம்பதைத் தாண்டிவிட்டேன். நான் டேப்பை விரிக்கிற இடத்தில் அதற்கு முன்பே பேச்சுவார்த்தை நின்றுபோயிருக்கும். இதைப் படிக்கிற உங்களுக்கும் ஒரு பங்காளி இருப்பார், ஒரு வரப்பு இருக்கும், ஆகவே அதிகம் விளக்க வேண்டியதில்லை. எத்தனையோ பேர் நிலத்தை அளந்து மறந்திருக்கிறேன். புதுவயல் ரோட்டோரத் தோட்டம் ஒன்றை மட்டும் இன்னும் மனசுக்குள் அளந்துகொண்டே இருக்கிறேன்.

சமமான மூன்று பட்டைகள்

அப்பா இறந்து தோட்டம் மூன்று பிள்ளைகளுக்கு வந்திருந்தது. பெரியவர் முத்தையா, சின்னவர் சேகர், இருவருக்கும் தங்கையான வள்ளி. வள்ளி கணவனை இழந்து, மகளோடு பிறந்த ஊருக்கே திரும்பியவர். தோட்டம் ரோட்டிலிருந்து உள்ளே நீண்டு போகிற செவ்வகம். பின்பக்கம் தள்ளிக் கிணறு. சுற்றுவட்டத்தில் கோடையிலும் தண்ணீர் நிற்கிற கிணறு அது.

ரோட்டிலிருந்து உள்ளே இரண்டு இணைகோடுகள் போடச் சொன்னார் முத்தையா. மூன்று பட்டை, மூன்றுக்கும் ரோடு, மூன்றும் ஒரே பரப்பு. கணக்குப்படி யாரும் குறை சொல்ல முடியாது. கிணறு மட்டும் நடுப் பட்டையில் விழுந்தது. நடுப் பட்டை மூத்தவனுக்கு என்று அவரே முடிவு செய்தும் வைத்திருந்தார். சேகர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கும் அண்ணனுக்கும் அப்போதே பேச்சில்லை. வள்ளிதான் வாயைத் திறந்தார்:

“அண்ணே, மண்ணு மூணு பேருக்கும் சமந்தான். தண்ணிய நான் வானத்துல இருந்தா எறக்கப்போறேன்?”

ஒரு புள்ளியில் கூடுவது

மறுவாரம் நான் வேறொரு படம் வரைந்துகொண்டு போனேன். கோடுகள் இணையாக ஓட வேண்டாம், எல்லாம் கிணற்றின் நடுவில் போய்க் கூடட்டும். ஒரு புள்ளி வழிக் கோடுகள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ரோட்டிலிருந்து இரண்டு கோடுகள் கிணற்றுக்கு வரும். கிணற்றிலிருந்து ஒன்று பின் எல்லைக்குப் போகும். மேற்கே முத்தையா, கிழக்கே சேகர். நடுவில், ரோட்டில் அகலமாகத் தொடங்கிக் கிணற்றை நோக்கிக் குறுகிப் போகும் முக்கோணம் வள்ளிக்கு.

பரப்பில் வள்ளிக்குக் குறைந்தது. கிணற்றடியில் அவர் பங்கு ஒரு ஆள் நடக்கிற அகலம்தான். ஆனால் ஒரு குழாய் போக அது போதும். மூன்று பேர் நிலமும் கிணற்றைத் தொடும், கிணறு பொது என்று பத்திரத்தில் எழுதிவிடலாம் என்றேன். தண்ணீருக்காக மண்ணை விட்டுக்கொடுக்க வள்ளி சம்மதித்தார். தங்கைக்கு மண் குறைகிறது என்றதும் அண்ணன்மாரும் சம்மதித்தார்கள். நான் எதையோ சாதித்துவிட்டவன் போல நின்றேன். முத்தையா படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“என்ன சார், தோட்டத்தக் கேக்கு மாதிரி வெட்டிக்கிட்டு வந்திருக்கீக? அந்தக் கூர்ல உழுறவன் டிராக்டரோட கெணத்துக்குள்ளதான் விழணும்.”

கல் நகர்ந்த விதம்

யாரும் கிணற்றில் விழவில்லை. வள்ளி கத்தரியும் மிளகாயும் போட்டார். காய் காரைக்குடிச் சந்தைக்குப் போனது, மகள் நர்சிங் படிக்கப் போனாள். அடுத்த வருஷம் வள்ளி என்னைக் கூப்பிட்டார். கிணற்றடியில் நான் நட்ட எல்லைக்கற்கள் வேறு இடத்தில் நிற்பதுபோல் தெரிகிறது என்றார்.

நின்றன. கூர் முனையில், கிணற்றை ஒட்டி அண்ணன்மாரின் டிராக்டர் திரும்ப இடம் போதாது. சக்கரம் பட்டால் கல் சாயும். சாய்ந்ததை மறுபடி நடுகிறவர் அடுத்த தடவை வண்டி திரும்பட்டும் என்று ஒரு சாண் தள்ளி நடுவார். மேற்கே பெரியவர் அப்படி நட்டார், கிழக்கே சின்னவர் அப்படி நட்டார். இரண்டும் நகர்ந்தது வள்ளியின் பக்கம்தான். ரோட்டு முனைக் கற்கள் அசையவே இல்லை. பேச்சுவார்த்தை இல்லாத இருவர் கூடிப் பேசிச் சதி செய்தார்கள் என்றும் சொல்ல முடியாது. சதியாக இருந்திருந்தால் எனக்குத் தூக்கமாவது வந்திருக்கும். சேகரைக் கேட்டேன்.

“கல்லு நின்ன எடத்துலதான் சார் நட்டேன். கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். கூடப்பொறந்தவகிட்ட நூல் புடிச்சா பாக்க முடியும்?”

வேலி

நான் கற்களைப் பழைய இடத்தில் நட்டுவிட்டு வந்தேன். தனியார் சர்வேயர் நட்ட கல்லுக்கு, மூன்று பேரும் மதிக்கிறவரைதான் மதிப்பு. அடுத்த உழவில் அவை மறுபடி சாய்ந்தன, மறுபடி தள்ளி எழுந்தன. பிறகு பெரியவர் தன் எல்லையில் கம்பிவேலி போட்டார். அதைப் பார்த்துச் சின்னவரும் போட்டார்.

நடுக்கோடையில் வள்ளியிடமிருந்து போன். போய்ப் பார்த்தேன். கிணற்றில் கூட வேண்டிய இரண்டு கோடுகள் கிணற்றுக்கு முன்னாலேயே சந்தித்துவிட்டிருந்தன. வள்ளியின் நிலம் அங்கே மூடிக்கொண்டுவிட்டது. இரண்டு வேலிக்கும் முனையில் ஒரே கல்தூண். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள் அந்தத் தூணை மட்டும் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். தூணிலிருந்து கையை நீட்டினால் கிணற்றுச் சுவரைத் தொடலாம். வள்ளியின் குழாயை யாரோ ஒழுங்காகச் சுருட்டி வேலிக்கு இந்தப் பக்கம் வைத்திருந்தார்கள். மிளகாய்ச் செடிகள் தலை தொங்கி நின்றன. இழந்த மண்ணை ஒரு சாக்கில் அள்ளிவிடலாம். ஊர்ப் பெரியவர்களும் வந்து பார்த்துவிட்டு, இத்தனூண்டு இடத்துக்கா இத்தனை கூட்டம் என்று போய்விட்டார்கள்.

“கிணறு பொது என்று பத்திரத்தில் இருக்கிறதே?” என்று முத்தையாவிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. நான் ஏதோ புரியாமல் கேட்பதுபோல் பொறுமையாகச் சொன்னார்:

“யாரு இல்லேன்னது? கெணத்துல அவளுக்குப் பங்கு இருக்கு சார். போறதுக்குப் பாததான் இல்ல.”

திரும்பி வரும் வழியில்

வள்ளியை ஒரு வக்கீலிடம் கூட்டிப்போனேன். வழக்குப் போட்டால் ஜெயிக்கலாம், ஆனால் இழுக்கும் என்றார். செடிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. வீடு திரும்பும்போது வண்டியில் எனக்குப் பின்னால் கருப்பையா உட்கார்ந்திருந்தார். என்னோடு டேப் பிடித்தே தலை நரைத்தவர். நான் வழிநெடுகப் புலம்பிக்கொண்டு வந்தேன். முதல் படத்துக்கு வள்ளி சம்மதித்திருக்கவே மாட்டார், என் படத்தை நம்பித்தானே கையெழுத்துப் போட்டார்? மூன்று நிலமும் கிணற்றைத் தொடுகிறதே, தனியாகப் பாதை எதற்கு என்று நினைத்தேனே, அது சரிதானா? பாதை ஒன்று விட்டு அளந்திருந்தால்? அரியக்குடி விலக்கு வரை கேட்டுக்கொண்டு வந்த கருப்பையா சொன்னார்:

“பாத விட்டிருந்தா பாதையச் சேத்து உழுதிருப்பாக. முன்னாடி பாத்து ஓட்டுங்க சார், லாரி வருது.”

மில் களத்தில்

போன மாதம் புதுவயலில் ஒரு அரிசி மில்லின் களத்தை அளக்கப் போயிருந்தேன். அவித்த நெல்லை வெயிலில் பரப்பி, பெண்கள் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் வள்ளி. பாதத்தை இழுத்து இழுத்து நடந்தார். நடந்த இடமெல்லாம் நெல்லில் கோடு விழுந்தது. ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று, ஒரே இடைவெளியில், களத்தின் அந்தக் கோடி வரை. என்னைப் பார்த்ததும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தபடி வந்தார்.

மகள் படிப்பை விட்டுவிட்டு ஜவுளிக்கடையில் நிற்கிறாளாம். வழக்கு நடக்கிறதாம். நிலத்தை விற்கலாமே என்று கேட்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டேன். தண்ணீர் இல்லாத முக்கோணத்தை அண்ணன்மாரைத் தவிர யார் வாங்குவார்? அதற்குப் பதிலாக, தோட்டத்துப் பக்கம் எப்போதாவது போவதுண்டா என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன். கோபப்பட்டிருக்கலாம். மேஸ்திரி கூப்பிடுகிறாரா என்று ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“பஸ்ஸுல போறப்பப் பாப்பேன் சார். ரெண்டு பக்கமும் பச்சையாக் கெடக்கு, நடுவுல நம்ம எடம் மட்டும் காஞ்சு வெள்ளையாத் தெரியும். நீங்க போட்ட கோடு ரெண்டும் நல்லாத் தெரியுது சார்.”

இணைகோடுகள் கடைசிவரை சந்திப்பதில்லை என்பதை அவற்றின் துரதிர்ஷ்டம் என்றுதான் பள்ளிக்கூடத்தில் எண்ணியிருந்தேன். இந்தத் தொழிலில் இத்தனை காலம் வெயிலில் நின்ற பிறகு, அவை எப்படியோ தப்பித்துக்கொண்டிருக்கின்றன என்று தோன்றுகிறது.