வலது கை, இடது காது

பிறப்புப் பதிவு இல்லாத பிள்ளை, ஒரு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் மறுபக்கக் காதைத் தொட்டுவிட்டால் பள்ளிக்கூடத்துக்குரிய வயது வந்துவிட்டதாகக் கொள்ள வேண்டும். இலங்கை மலைநாட்டு லுணுகலையில் நான் சேரவிருந்த மிஷன் பள்ளியின் விதி அதுதான். எந்தக் கை என்று விதி சொல்லவில்லை. விதி சொல்லாமல் விட்டதைச் சொல்வதற்குத்தான் அதிகாரிகள் இருக்கிறார்கள். நானும் பிற்காலத்தில் முப்பது வருஷம் அதே வேலையைத்தான் செய்தேன் என்பதால் இதைக் குறையாகச் சொல்லவில்லை.

ஐரோப்பாவில் முதல் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அப்பா கணக்கப்பிள்ளை. அந்த வருஷம் கார்த்திகையில் நான் கொய்யா மரத்திலிருந்து விழுந்து வலது தோளுக்குச் சற்றுக் கீழே எலும்பை முறித்துக்கொண்டேன். தோட்டத்து டிஸ்பென்சர் மூங்கில் சிம்பு வைத்து, கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டினார். எலும்பு கூடியதும் தானே வந்து அவிழ்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனவர், பக்கத்துத் தோட்டங்களில் காய்ச்சல் பரவியதால் வெகுநாள் வரவில்லை. அம்மா அவிழ்க்கலாம் என்றாள். கட்டியவர் உத்தரவில்லாமல் கட்டை அவிழ்க்க முடியாது என்று அப்பா மறுத்துவிட்டார். டிஸ்பென்சர் கடைசியில் வந்து அவிழ்த்தபோது எலும்பு நன்றாகக் கூடியிருந்தது. தோள்தான் துருப்பிடித்த பூட்டுப்போல இறுகிக் கிடந்தது.

தை பிறந்ததும் அப்பா என்னைப் பள்ளிக்கு அழைத்துப் போனார். தலைமையாசிரியர் காதைத் தொடச் சொன்னார். நான் இடது கையைத் தூக்கி வலது காதைச் சுலபமாகப் பிடித்தேன்.

“சோத்துக் கையால தொடு, தம்பி,” என்றார் அவர்.

சோத்துக் கை கன்னம் வரைகூட வரவில்லை. பங்குனி பிறந்தால் பதிவேட்டை மூடிவிடுவோம், அதற்குள் தொட்டால் கூட்டி வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். பங்குனிக்குள் தொடாவிட்டால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று, புல்வெட்டுகிற சிறுவர்களோடு மலைக்குப் போக வேண்டியதுதான். அப்படிப் போன பிள்ளை எதுவும் பிறகு பள்ளிக்கு வந்ததாக வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் சரித்திரம் இல்லை. இடது கையை ஏற்கச் சொல்லி அங்கேயே வாதாடுவது அப்பாவுக்கு முறையாகப் படவில்லை. வீட்டுக்கு வந்து, பள்ளிகளுக்கு மேலதிகாரியாகப் பதுளையில் இருந்த பாதிரியாருக்கு மனு எழுதினார்.

மனு மலையிறங்கிப் போனபின் வீட்டில் வைத்தியம் ஆரம்பித்தது. முதலில் வந்தவர் தாய்மாமன். வேப்பெண்ணெயைத் தடவி, தன் முழங்காலை என் விலாவில் ஊன்றி, கையைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தார். தோள் வீங்கி, வருகிற கையும் வராமல் போயிற்று. யாழ்ப்பாணத்துக்காரரான டிஸ்பென்சர் வந்து பார்த்துவிட்டு மாமாவை ஏற இறங்கப் பார்த்தார்.

“இனி ஒருத்தரும் இழுக்கக் கூடாது. சூடு குடுத்திட்டு, பிள்ளை தானாத்தான் தூக்கோணும். நோகிற இடம் மட்டும் போய், அங்கேயே கொஞ்சம் நிக்கோணும். நாள் தவறாமல்.”

வீக்கம் வடிந்ததும், எப்படித் தூக்குவது என்பதையும் அவரே காட்டினார். சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மெல்ல மெல்ல ஏற வேண்டும். மருந்து கேட்டவர்களுக்குச் சுவரைக் காட்டுகிறாரே என்று அப்பாவுக்கு மனத்தாங்கல்.

அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டவள் அப்பாவின் அக்கா. கணவனை இழந்து எங்களோடு இருந்தாள்; கொழுந்து பறித்துவிட்டு அந்தியில் வருவாள். கூடையை இறக்கியதும் அடுப்பில் மணலை வறுத்து, துணியில் முடிந்து, என் தோளில் ஒற்றி எடுப்பாள். மிச்சச் சூடு வீணாகக் கூடாது என்று தன் வலது தோளிலும் வைத்துக்கொள்வாள். பிறகு இருவரும் லயத்துச் சுவர் முன் நிற்போம்.

“மருமகனே, பல்லி ஏறட்டும்.”

என் விரல்கள் ஏறும். அத்தையின் விரல்களும் பக்கத்தில் ஏறும். எட்டிய இடத்தில் கரியால் கோடு போடுவாள். துரை வந்து பார்த்தால் சுவருக்கு யார் பதில் சொல்வது என்று அப்பா தினமும் கேட்பார். நான் பாதியில் சிணுங்கினால், “ஒங்க பல்லி தூங்குதா, இல்ல பள்ளிக்கூடத்துக்கு லீவு கேக்குதா?” என்பாள். ரோஷத்தில் இன்னும் ஒரு விரற்கடை ஏறிவிடுவேன்.

என் கோடு நாளுக்கு நாள் உயர்ந்தது. அத்தையின் கோடு அவளுடைய தோளுக்குச் சற்று மேலே போய் அங்கேயே நின்றுவிட்டது. என்னைவிட எவ்வளவோ உயரமானவள், என் கை எட்டாத இடத்தையும் எட்டக்கூடியவள், நான் அவள் கோட்டைத் தாண்டியதும் தோற்றதாக ஒப்புக்கொண்டாள்.

“நீ வேணும்னே தோக்குற,” என்றேன்.

“ஆமா, மருமகன ஜெயிச்சிட்டு நான் எங்க போறது?”

மாசி முடிவதற்குள் தலைமையாசிரியர் மேசைக்கு முன்னால் நின்று, சோத்துக் கையின் நடுவிரல் நுனியால் இடது காதின் மடலைத் தொட்டேன். அவர் குனிந்து பார்த்து உறுதிசெய்துகொண்டுதான் பேனாவை எடுத்தார். தீபாவளிக்குச் சுண்ணாம்பு அடித்தபோது கோடுகள் மறைந்தன.

ஓய்வுபெற்ற பிறகு என் தோள் ஒருமுறை இறுகிப்போயிற்று. பதுளை ஆஸ்பத்திரியில், பேத்தி வயதுள்ள ஒரு பெண் வெந்நீர்ப் பை ஒற்றி, சுவர் முன் நிறுத்தி, விரல்களால் ஏறச் சொன்னாள். தோளுயரம் தாண்டியதும் ஊசி குத்தியதுபோல் வலித்து என் கை நின்றுவிட்டது. நின்ற இடத்தைப் பார்த்தேன். அன்று அத்தையின் கோடும் அவள் தோளுக்கு மேலே இதே இடத்தில்தான் நின்றிருந்தது. எத்தனை நாளாக இப்படி, ஏன் முன்னமே வரவில்லை என்று அந்தப் பெண் கேட்டாள். பகலில் ஓய்வு கொடுத்து, நாள் தவறாமல் இதைச் செய்தால் மெல்ல மெல்ல வந்துவிடும் என்றாள். எனக்கு வந்தது. பகலெல்லாம் கூடை சுமந்துவிட்டு அந்தியில் மட்டும் சுவர் ஏறியவளுக்கு வரவில்லை.

அத்தை ஏன் டிஸ்பென்சரிடம் சொல்லவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. கை ஏறாதவளின் பெயரைக் கொழுந்துக் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது தோட்டத்து விதி. எடுக்க வேண்டியவர் கணக்கப்பிள்ளை. தம்பி அதைத் தவறாமல் செய்வான் என்று அவளுக்குத் தெரியும்.

அப்பாவின் மனுவுக்குப் பதில் வந்தபோது நான் இரண்டாம் வகுப்பில் இருந்தேன். என்னையே வாசிக்கச் சொன்னார். அத்தை அடுப்படியில் புளிச்சோறு கிளறிக்கொண்டிருந்தாள்.

“எந்தக் கையின்னு போட்டிருக்கு?” என்றாள்.

“எந்தக் கையா இருந்தாலும் சரியாம்.”

அத்தை கரண்டியை வைத்துவிட்டு, இடது கையைத் தலைக்கு மேலாக வளைத்து வலது காதைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்ப என்னையும் சேத்துக்குவாங்களா?”

எல்லோரும் சிரித்தோம். அவள் ஏன் அந்தக் கையைத் தூக்கினாள் என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. நான்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தேன். அன்று ஆடிப் பதினெட்டு.