கத்திரி பட்ட சிறகு

சலூன்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம். தெருவே அவரை மிளகாய் என்றுதான் சொல்லும், அவர் காதில் விழாத தூரத்தில். முப்பது வருடமாகக் கத்திரி பிடித்த கை. கிருதா ஒரு மயிரிழை ஏறி இறங்கினாலும், எழுந்து போகிற ஆளைப் பிடித்து உட்காரவைத்துச் சரிசெய்த பிறகுதான் அனுப்புவார். அவர் குரல் இறங்குவது ஒரே ஒரு உயிரிடம்: கண்ணாடிக்குப் பக்கத்துக் கூண்டில் இருந்த சாம்பல் நிறக் கிளி. அதற்குப் பேர் முதலாளி. கடைக்கு வருகிறவனை எல்லாம் "உக்காரு, உக்காரு" என்று அதட்டும்.

அந்த முதலாளி ஆறு மாதமாகத் தன் இறகைத் தானே பிடுங்கிக்கொண்டிருந்தது. மார்பில் எலுமிச்சம்பழ அளவுக்கு வழுக்கை, அதில் ரத்தப் பொட்டுகள்.

"என்னண்ணே, முதலாளிக்கும் நீங்களே ஷேவ் பண்ணி விட்டீங்களா?" என்று ஒருவன் கேட்டான். பாதி முகம் நுரையோடு அவனை வெளியே துரத்தினார்.

கிளியை விற்ற கடைக்காரன்மேல்தான் அவருக்கு முதல் சந்தேகம். "பேன் புடிச்சதை என் தலையில கட்டிட்டான் படுபாவி!" அவன் கடைக்கே போய், நாலு பேர் முன்னால் வாய்க்கு வந்தபடி திட்டினார். அவன் தலையெழுத்தே என்று ஒரு மருந்தைக் கொடுத்தனுப்பினான். அதைக் கிளிமேல் தெளித்தும் பலனில்லை. கிளி அலகை மார்புக்குக் கொண்டுபோகும்போதெல்லாம் சீப்பைப் போட்டுவிட்டு ஓடுவார். "ஏய், விடு! விடுன்னு சொல்றேன்ல!" அது விடும். அவர் திரும்பியதும் மறுபடி பிடுங்கும்.

கடைசியில் மனைவிதான் வரிந்து கட்டினாள். "கத்தினது போதுங்க. டாக்டர்கிட்ட தூக்கிட்டு வாங்க. இல்ல, நானே போறேன்."

பறவை மருத்துவர் ஒரு சின்னப் பெண். லென்ஸ் வைத்துப் பார்த்துப் பேன் இல்லை என்றாள். சிறகை விரித்ததும் அவள் முகம் மாறியது.

"இதை வெட்டினது யாரு?"

"நான்தான்," என்றார் பெருமையாக. தெருவுக்குப் பறந்துவிடக் கூடாதென்று வெட்டியது. அதற்கப்புறம் நுனி பிசிறடித்தால் அவருக்குப் பொறுக்காது. திங்கள்தோறும் கோடு கிழித்ததுபோல் சமன் செய்துவிடுவார். "பாருங்க, ஒரு பிசிறு இருக்கா?"

"முடி வெட்டினா வளந்துடும். இறகை வெட்டினா, அது தானா உதிர்ற வரைக்கும் கட்டையாவே நிக்கும். சிறகை மடக்கும்போதெல்லாம் உடம்புல குத்தும். குத்துற இடத்து இறகைத்தான் முதல்ல பிடுங்கியிருக்கு. அப்புறம் அதுவே பழக்கமாயிடுச்சு."

கிளி பிடுங்கும்போதெல்லாம் அவர் கத்திக்கொண்டு ஓடுகிற கதையையும் மனைவி போட்டு உடைத்தாள்.

"சரியாப் போச்சு. பிடுங்கினா இவர் ஓடி வருவார்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு," என்றாள் மருத்துவர்.

அவருக்குச் சுர்ரென்று ஏறியது. "எனக்கே கத்திரி புடிக்கச் சொல்லித் தர்றீங்களா?"

"இப்படியே விட்டா அடுத்து தசையைக் கொத்தும். அப்ப என்கிட்ட வந்து புண்ணியமில்ல."

மருத்துவர் சொன்னபடி, சலூன் ஸ்ப்ரே வாடை படாமலிருக்கக் கூண்டு வீட்டுக்குப் போனது. தினமும் நீர்த் தூவல், கிழித்துப் போட அட்டைப்பெட்டி, பொழுது சாய்ந்ததும் இருட்டில் தூக்கம். அது பிடுங்கினால் பார்க்காததுபோல் இருக்க வேண்டும், அட்டையைக் கிழித்தால் கொஞ்ச வேண்டும். கத்தாமல் இருப்பதற்குள் அவருக்கு உயிர் போனது. அந்தக் கோபமெல்லாம் கடை நாற்காலிமேல் விழுந்தது, கதவின்மேல் விழுந்தது, தாடியோடு வந்தவர்கள்மேல் விழுந்தது.

மாதங்கள் போய் ரத்தம் நின்றது. சிறகில் புது இறகு வந்தது. மார்பைத் தடவிப் பார்த்த மருத்துவர் மட்டும் தலையாட்டினாள். "இங்க இனிமே முளைக்காதுங்க. வேரே செத்துப்போச்சு."

மறுநாள் சவரத்துக்கு வந்து உட்கார்ந்த ஒரு பழைய வாடிக்கையாளர், கண்ணாடிக்குப் பக்கத்தில் கூண்டு இல்லாததைப் பார்த்தார்.

"பாவம்ணே முதலாளி. அதை அப்படிப் பண்ணினது யாரு, அந்தக் கடைக்காரனா?"

"இல்ல. நான்தான். என் கத்திரிதான்."

வாடிக்கையாளர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "நல்லா சொன்னீங்க போங்க! நீங்களாவது, தப்பா வெட்டுறதாவது!"

கத்தியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியைத் தன் பக்கம் திருப்பினார் மிளகாய். "எதுக்குய்யா சிரிக்கிற? நான்தான்னு சொல்றேன்ல!"