மணிக்கூட்டுப் பெட்டியிலிருந்து நான் இறக்கிய சிலந்தி

1991ஆம் ஆண்டு, கோப்பாய்ப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் விலங்கியல் படிப்பித்துக்கொண்டிருந்தபோது நான் ஓர் உயிரைக் கொன்றேன். அதைவிடக் கேவலமான காரியம், அந்தப் பழியை அதைக் காப்பாற்றிய மனிதர்மேல் போட்டது. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரியாமல் நடந்த பிழை என்று யாராவது எனக்காகப் பரிந்து பேசினால் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அந்த மனிதர் எங்கள் பாடசாலையின் சித்திர ஆசிரியர். என்னைவிட இளையவர், தனிக்கட்டை. குண்டுவீச்சுக்குப் பயந்து வளவுக்கு வளவு பங்கர் என்கிற பதுங்குகுழி வெட்டிய காலம் அது. மேலே பரப்புவதற்குப் பனங்குற்றி வேண்டும். அவருடைய வளவில் தறித்த பட்டுப்போன பனையின் பொந்துக்குள்ளிருந்து உள்ளங்கை அகலத்தில் மயிரடர்ந்த சிலந்தி ஒன்று வெளியே வந்தது. தறிக்க வந்தவர்கள் அதைக் கொளுத்தப் பார்த்திருக்கிறார்கள். இவர் ஒரு சட்டியைக் கவிழ்த்து மூடி அதைக் காப்பாற்றிவிட்டார். சாம்பல் நிற முதுகில் நுணுக்கமான கோலம், முன்கால்களின் அடியில் மஞ்சள் பட்டை. அது நடப்பதையும் இருப்பதையும் பார்த்துப் பார்த்துப் படம் கீறவேண்டும் என்பது அவருடைய ஆசை. செத்த சிலந்தி அவருக்கு வேண்டாம்.

எதற்குள் விட்டால் அது நெடுநாள் சீவிக்கும் என்று என்னிடம் கேட்டார். விலங்கியல் பட்டதாரி அங்கே நான் ஒருவன்தானே. அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன்.

ஓடாத சுவர் மணிக்கூடு ஒன்றின் எந்திரத்தைக் கழற்றிவிட்டு, அந்த நீட்டுப் பெட்டிக்குள் சிலந்தியை விட்டிருந்தார். உள்ளே ஒரு பனம்பட்டை நிமிர்த்திச் சாத்தியிருந்தது. பக்கங்களில் காற்றுக்குத் துளைகள், அடியில் ஈரமண், முன்னால் கண்ணாடிக் கதவு. சிலந்தி பட்டையின் பின்னால் வெள்ளையாக நூல் கட்டிக்கொண்டு குடியிருந்தது. பகலில் கால் நுனிகள் மாத்திரம் தெரிந்தன. பொழுதுபட்டபின் வெளியே வரும் என்று சந்தோசமாகச் சொன்னார்.

நான் சிரித்தேன். இந்த வகைச் சிலந்திக்கு உயரம் ஆகாது, விழுந்தால் வயிறு வெடித்துவிடும், அகலமான தாழ்ந்த தொட்டிதான் வேண்டும் என்றேன்.

"உது மரத்திலை கிடந்த சாமானெல்லே, மாஸ்ரர். உயரம் தேடாதோ?"

"நான் படிச்சுப்போட்டுத்தான் கதைக்கிறன்."

படித்தது உண்மை. ஒரே ஓர் ஆங்கிலப் புத்தகம். அது எங்கோ தூர தேசத்தில் மண்ணில் வளை தோண்டி வாழும் சிலந்திகளைப் பற்றியது. இது பனைப் பொந்திலிருந்து வந்தது என்பதை நானும் காதால் கேட்டவன்தான். கேட்டும் ஏன் அப்படிச் சொன்னேன்? பாடசாலைக் கண்காட்சி வரவிருந்தது. பட்டைக்குப் பின்னால் ஒளிக்கும் சிலந்தியை யார் பார்க்கப் போகிறார்கள்? எனக்கு அது எல்லோர் கண்ணிலும் படவேண்டும், பக்கத்தில் நான் நின்று விளக்கவேண்டும். சிலந்திக்குப் பொருத்தமான வீடு எது என்று அவர் யோசித்தார். நான் என்னைக் காட்டுவதற்குப் பொருத்தமான தொட்டியைத் தெரிந்தெடுத்தேன்.

படித்தவன் சொல்லை நம்பி அவர் சிலந்தியை என்னிடம் தந்தார். பாடசாலை ஆய்வுகூடத்தில் கிடந்த மீன்தொட்டியில் மணல் பரப்பி, அதற்குள் சிலந்தியை விட்டு, கம்பிவலையால் மூடினேன். அது ஒரு நாளும் மணலில் தங்கவில்லை. கண்ணாடி மூலையில் ஏறி, வலையைப் பிடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கும். கண்காட்சிக்கு வந்தவர்கள் ஆவென்று பார்த்தார்கள். பாடசாலை அதிபர் என் தோளில் தட்டினார்.

சித்திர ஆசிரியர் ஒவ்வோர் இடைவேளைக்கும் வந்து நிற்பார். ஒரு துண்டுப் பட்டையையாவது நிமிர்த்தி வைக்கும்படி கேட்டார். வைத்தால் ஒளித்துவிடும் என்று மறுத்தேன். கண்காட்சி முடிந்து சில நாட்களில் அதன் கால் நகம் கம்பிவலையில் சிக்குண்டு, இழுபட்டு, கால் ஒன்று கழன்று விழுந்தது. அன்று அவர் கொஞ்சம் குரலை உயர்த்தித்தான் கேட்டார்.

"போதும் மாஸ்ரர். நான் இதை வீட்டை கொண்டுபோறன்."

"உது இப்ப ஆய்வுகூடத்தின்ரை சொத்து. நீர் உம்மடை படத்தைக் கீறும்."

அவருடைய சிலந்தி, அவருடைய வளவு, அவருடைய சட்டி. அதைச் சொத்து என்று சொல்ல எனக்கு எங்கிருந்து வந்தது அந்தத் திமிர்? அதையும் அவர் பொறுத்துக்கொண்டார்.

மாதங்கள் சில போயின. சிலந்தி தின்பதை நிறுத்தியது. ஒருநாள் காலையில் அது மணலில் மல்லாந்து கிடந்தது. சித்திர ஆசிரியர் அன்று விடுமுறை. செத்துவிட்டது என்று நான் தீர்மானித்தேன். மாதிரியாகவாவது இருக்கட்டும் என்று போத்தல் ஒன்றில் போட்டு, உடல் அழுகாமல் காக்கும் ஃபோமலினை ஊற்றினேன். கால்கள் மெல்ல விரிந்தன. திரவத்தின் அசைவு என்று நினைத்தேன், அல்லது அப்படி நினைக்க விரும்பினேன்.

பின்னேரம் போத்தலை வெளிச்சத்தில் பிடித்தபோது முதுகுத் தோல் ஓரமாகப் பிளந்திருப்பதைக் கண்டேன். உள்ளே புதுத்தோல் பளிச்சென்று இருந்தது. மஞ்சள் பட்டைகள் முன்னைவிடத் தெளிவாக இருந்தன. கழன்ற காலின் இடத்தில் சின்னதாக ஒரு புதுக்கால் மடங்கிக் கிடந்தது. அது சாகவில்லை, தோல் கழற்றிக்கொண்டிருந்தது. மல்லாந்து படுத்துத்தான் கழற்றும். அதே புத்தகத்தில், நான் புரட்டாத பக்கங்களில், அதுவும் இருந்தது.

அதிபர் வந்து என்ன நடந்தது என்று கேட்டார். நான் ஒரு கணமும் தயங்கவில்லை. சித்திர ஆசிரியர் எந்த நேரமும் அதைத் தொட்டுத் தொட்டுக் காலையும் முறித்துவிட்டார், அதனால்தான் செத்தது என்றேன். அவர் அதைத் தொட்டதே இல்லை. தான் தொடவில்லை என்று மறுநாள் ஒரு தரம் சொன்னார். அதை யார் கேட்டார்கள்? ஆய்வுகூடப் பக்கம் போகக்கூடாது என்று அதிபர் அவருக்குக் கட்டளை போட்டார். மாணவர்கள் பின்னால் நின்று "காலன் மாஸ்ரர்" என்று பழித்தார்கள். அவர் இடைவேளைகளில் எங்களோடு வந்து இருப்பதை விட்டுவிட்டார். நான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு தேநீர் குடித்தேன்.

ஒரு வருடம் அப்படியே இருந்தேன். பிறகு தாங்க முடியாமல் போத்தலையும் எடுத்துக்கொண்டு சைக்கிளில் அவர் வீட்டுக்குப் போய், முற்றத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் போத்தலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தச் சின்னக் காலில் அவருடைய பார்வை நெடுநேரம் நின்றது. என்னை இருக்கச் சொல்லாமலே போத்தலைத் திருப்பித் தந்தார்.

"ஊருக்கெல்லாம் என்னைக் கொலைகாரன் எண்டு சொல்லிப்போட்டு, என்ரை முத்தத்திலை வந்து எனக்கு மட்டும் உண்மை சொல்லுறீரோ? சொன்ன இடத்திலை போய்ச் சொல்லும்."

அந்தக் கோபம் நியாயமானது. அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். தொட்டியைத் தெரிவு செய்தது நான், திருப்பித் தர மறுத்தது நான், உயிரோடு ஃபோமலினில் போட்டது நான், பொய் சொன்னதும் நான். போத்தலையும் மேசையில் வைத்தேன். என்னைக் காறித் துப்புவார்கள் என்றுதான் எதிர்பார்த்தேன்.

அதிபர் சிரித்தார். ஒரு சிலந்திக்கு இவ்வளவு கதையா என்றார். மூத்த ஆசிரியர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கடை மனம் ஆருக்கு வரும், மாஸ்ரர்? அவரைக் காப்பாத்தப் பழியை உங்கடை தலையிலை போடுறியள்."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். இல்லை, நான் சொன்னது உண்மை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் பெருந்தன்மைதான் கூடிக்கொண்டு போனது. விலங்கியல் பட்டதாரி உயிருள்ள சிலந்திக்கும் செத்த சிலந்திக்கும் வித்தியாசம் தெரியாதவராக இருப்பாரா? படம் கீறுகிறவர்தான் பிழை விட்டிருப்பார். அவ்வளவுதான் அவர்களுடைய நியாயம். படித்தவர்கள் நிறைந்த அந்த அறையில் ஒருவராவது அந்தப் போத்தலைக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் வாசலில் சித்திர ஆசிரியரை மறித்து, சொல்லிவிட்டேன் என்றேன்.

"ஓம், கேட்டனான். அவையின்ரை கணக்கிலை இப்ப நான் அதை ரெண்டாம் தரமும் கொலை செய்துபோட்டன்."

பிறகு அவர் என்னோடு கதைக்கவில்லை. தொண்ணூற்றைந்தில் போரால் எல்லோரும் இடம்பெயர்ந்து சிதறியபோது அவர் எந்தப் பக்கம் போனார் என்று தெரியவில்லை. விசாரித்துப் பார்த்தேன், ஒரு தகவலும் கிடைக்கவில்லை. பொய்யை நம்பவைக்க எனக்கு ஒரு வசனம் போதுமாக இருந்தது, உண்மையை நம்பவைக்க இத்தனை வருடமும் போதவில்லை என்று நினைக்கையில், அந்த அறையில் தலையாட்டியவர்கள்மேல் வருகிற கோபம் கடைசியில் அவர்களை அப்படி நம்பப் பழக்கிய என்மேல்தான் வந்து நிற்கிறது.