அத்தானுக்குக் காட்டாத புள்ளி

விமானப் பயிற்சிப் பள்ளியில், தரையில் இருந்தபடியே பறக்கப் பழகும் சிமுலேட்டர் அறையைப் பார்த்துக்கொள்பவனுக்கு ‘மேய்ச்சல்’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, அக்காள் புருஷன் வைத்தது. அத்தான்தான் அங்கே தலைமைப் பயிற்சியாளர். விமானியாவதற்கு இவன் பறந்து காட்டிய கடைசித் தேர்வில், பக்கத்து இருக்கையிலிருந்து, கண் ஓரிடத்தில் நிற்காமல் மேய்கிறது என்று எழுதி வெளியே தள்ளியவரும் அவரே. பறப்பது அன்றோடு போனது. பெயர் மட்டும் வீடு வரை வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தது. சாப்பாட்டு மேஜையில் தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டால் போதும், “கண்ணு எங்கடா மேயுது?” என்பார் அத்தான். அக்காள் சிரிப்பை அடக்கிக்கொள்வாள். இவன் சோற்றோடு சேர்த்து அதையும் விழுங்குவான். செரித்ததே இல்லை.

சிமுலேட்டரில் மாணவர்கள் கண்ணை மறைத்துத் தலையில் மாட்டும், உள்ளே திரை வைத்த ஹெட்செட் பெரிய தலைவலியாக இருந்தது. தலையைத் திருப்பினால் காட்சி திக்கித் திக்கி வரும். பாதிப் பேர் வாந்தி எடுக்க ஓடுவார்கள். கம்ப்யூட்டர் பாவம், வானம், ஓடுபாதை, கருவிகள் எல்லாவற்றையும் ஒரே துல்லியத்தில் வரைந்து மூச்சுவாங்கியது. கண்ணைப் பின்தொடரும் சிறு கேமராக்கள் வைத்த ஹெட்செட்டை இவன்தான் வரவழைத்தான். கண் பார்க்கும் இடத்தை மட்டும் அது கூர்மையாக வரையும், மற்றதை ஒப்புக்கு வரையும். திக்கல் நின்றது, வாந்தியும் நின்றது.

ஒரே ஒரு நிபந்தனை. மாட்டுகிறவர் முதலில் திரையில் நகரும் புள்ளியைக் கண்ணால் தொடர வேண்டும். அப்போதுதான் அவருடைய கண்ணின் அளவு கருவிக்குப் பிடிபடும். ஒருவர் அளவில் இன்னொருவர் உட்கார்ந்தால் கூர்மை விலகி எங்கோ ஓரத்தில் போய் விழும். புள்ளி காட்டாமல் யாரையும் அவன் பறக்கவிட்டதில்லை.

புதுக் கருவியில் முதல் தரையிறக்கத்தை மாணவர்களுக்குக் காட்ட அத்தானே வந்தார். புள்ளி என்று இவன் வாயெடுத்ததுமே கையை வீசினார்.

“எனக்கே கண்ணு டெஸ்டா? மாட்டிவிடுடா.”

காலையில் சரிபார்த்தபோது பதிந்த இவனுடைய அளவு கருவியில் அப்படியே இருந்தது. இவன் அதை மாற்றாமலே மாட்டிவிட்டான்.

அத்தானுக்கு முன்னால் உயரமானி புகையாகத் தெரிந்தது. முள்ளைப் பிடிக்க அவர் கழுத்தை நீட்ட, கூர்மை ஓரத்துக்கு நழுவிக்கொண்டே இருந்தது. வெளியே மாணவர்கள் பார்த்த பெரிய திரைக்குத் தனிக் கம்ப்யூட்டர். அதில் எல்லாம் பளிச்சென்று இருந்தது. விமானம் ஓடுபாதைக்கு முன்னாலேயே வயலில் போய் மூக்கைக் குத்திக்கொண்டதும் அதே பளிச்சில் தெரிந்தது. பின்வரிசையில் யாரோ ‘க்ளுக்’ என்றார்கள். மேய்ச்சலுக்கு வயிறு குளிர்ந்தது.

எல்லோரும் போன பிறகும் அத்தான் இருக்கையை விட்டு எழவில்லை. ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தார்.

“எல்லாருக்கும் பளிச்சுன்னு தெரிஞ்சது எனக்கு மட்டும் தெரியலடா. கண்ணு போயிடுச்சுன்னு நினைக்கிறேன். அக்காகிட்ட சொல்லிடாத.”

அந்தக் குரலை இவன் அதுவரை கேட்டதில்லை. புள்ளி விஷயம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பாவமாகக்கூட இருந்தது. அதற்குள் அவரே தொடர்ந்தார்.

“உனக்கு நான் செஞ்சதுதான் எனக்குத் திரும்பிடுச்சு போல. அன்னிக்கு நீ நல்லாத்தான் ஓட்டின. உன் கண்ணுல ஒரு குறையும் இல்ல. மச்சானைப் பாஸ் போட்டுட்டான்னு நாலு பேர் பேசுவாங்களேன்னு பயந்துட்டேன்.”

தன் கண்ணில்தான் கோளாறு என்று நம்பி, வானத்தை நிமிர்ந்து பார்க்கவே கூசிய வருஷங்கள் அத்தனையும் மேய்ச்சலின் கண்முன் வந்து நின்றன. நாலு பேர் வாய்க்குப் பயந்தாராம். நாக்கு நுனிக்கு வந்தது உள்ளே திரும்பிப் போனது.

“பெரிய டாக்டரா பாருங்க அத்தான்,” என்றான் பதமாக. “அதுவரைக்கும் நிஜ விமானத்துல ஏறாதீங்க. பிள்ளைங்க உயிரு.”

அத்தான் தலையாட்டினார். சட்டையில் குத்தியிருந்த விமானிச் சின்னத்தைத் தானே கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, எதிரே இருந்த கதவின் பிடியைப் பார்வை போனவர் போலத் தடவித் தேடினார். மேய்ச்சல் எழுந்து போய்த் திறந்துவிட்டான்.